வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்த புள்ளிகள்

வோபே ஹாக்ஸ்மாவிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமியாரோடு என்ன சண்டை, போன தேர்தலில் யாருக்கு ஓட்டு, முதுகுவலிக்கு என்ன மாத்திரை என்று பால் லாரியின் ஜன்னல் வழியே தலையை நீட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். "கூடு எங்கே பார்த்தே?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. முகம் அப்படியே இறுகிப்போகும். "அங்கதான், அந்தப் பக்கம்" என்று கையை வீசுவான். அந்தக் கை வடக்கையும் காட்டும், தெற்கையும் காட்டும்.

இதில் அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் முட்டை தேடிப் பழகிய குடும்பங்கள் எல்லாமே இப்படித்தான். மார்ச் பிறந்தால் போதும், ஆள்காட்டிக் குருவி முதல் முட்டையை எந்தப் புல்வெளியில் இட்டிருக்கிறதோ என்று வாய்க்கால் தாண்டும் நீளக் கம்போடு ஊரே கிளம்பிவிடும். முதலில் கண்டவனுக்குப் பத்திரிகையில் படம், பெரிய மனிதர் கையால் மரியாதை. அதனால் அவனவன் தேடும் வயல் அவனவனுக்கு உயிர். வோபேயின் அப்பா தன் வயல் எது என்று கூடப்பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லாமல் செத்தார். மனுஷன் வீட்டுக்குத் திரும்பும்போதுகூட யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்து, வேண்டாத வாய்க்காலையெல்லாம் தாண்டிச் சுற்றித்தான் வருவார்.

பிறகு முட்டையைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்தது. நம் ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், திட்டிக்கொண்டே மாறியும்விட்டார்கள். எடுத்துத் தின்றவர்களே காவலுக்கு நின்றார்கள். கூட்டருகே குச்சி நடுவது, அறுப்பு இயந்திரம் அதை விட்டு விலகிப் போகும்படி விவசாயியிடம் சொல்வது, கைபேசியிலுள்ள வரைபடத்தில் கூடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைப்பது, குஞ்சு பொரித்ததா நரி தின்றதா என்று மறுபடி போய்ப் பார்த்து எழுதுவது. பறவைக் காவல் சங்கம் என்று பெயர் வைத்து எல்லாரும் இதைத்தான் செய்தார்கள்.

அந்த வரைபடம்தான் வோபேக்கு ஆகவில்லை. சங்கத்துக்காரன் எவனும் அதைத் திறந்து பார்க்கலாம். மற்றவர்கள் பார்த்தால்கூடப் பரவாயில்லை, அவன் மனைவி ஹிஸ்கேயின் அண்ணன் கெர்பன் பார்ப்பானே! கெர்பனுக்கும் வோபேக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முட்டைப் போட்டி. மாப்பிள்ளையின் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கென்றே அவன் சோறு தண்ணீர் இல்லாமல் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வோபேயின் வயல் உண்மையில் சீட்ஸ்கேயின் வயல். கணவன் போன பிறகும் பண்ணையை ஒற்றையாளாக நடத்தும் பெண்பிள்ளை அவள். வசந்தத்தில் பம்பை நிறுத்திப் புல்வெளியில் தண்ணீர் தேங்கவிடுவாள். குஞ்சுகள் பறந்த பிறகுதான் புல்லை அறுப்பாள். "தவளைப் பண்ணை" என்று ஊரார் கிண்டல் செய்வார்கள். அந்த வயலில் கருவால் மூக்கன் கூடு கட்டும் அழகை என்னவென்று சொல்வது! நீண்ட அலகும் செம்பழுப்புக் கழுத்துமாகக் கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமடிக்கும். வேறு எங்கும் அவ்வளவு கிடையாது. அங்கே நடக்க சீட்ஸ்கே வோபேக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டௌவேயின் பெரிய பண்ணை. அடியில் குழாய் போட்டு நீரை வடித்த நிலம். புல் மேசை விரிப்பு மாதிரி இருக்கும், கூலிக்கு வரும் ஆட்கள் முதல் வெயிலிலேயே அறுத்துத் தள்ளிவிடுவார்கள். வோபே தன் புள்ளிகளை எடுத்து அங்கே வைத்தான். கண்துடைப்புக்கு ஒன்றிரண்டை மட்டும் சீட்ஸ்கே வயலில் விட்டான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. பறவை சரி, முட்டை சரி, தேதி சரி, பொரித்ததும் சரி. இடம் மட்டும் கொஞ்சம் தள்ளி. கைபேசித் திரையில் அது ஒரு விரல்நகம் தூரம்கூட இல்லை. கெர்பன் போய் டௌவே வயலில் வசந்தம் முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்து, "உன் கண்ணுக்கு மட்டும் எப்படி மாப்ளே தெரியுது?" என்று புலம்பும்போது வோபேக்கு உள்ளே சர்க்கரைப் பாகு ஓடும்.

இப்படியே பல வருஷம் ஓடியது.

அப்புறம்தான் மாரித் வந்தாள். பல்கலைக்கழகத்தில் புல்வெளிப் பறவைகளை ஆராய்கிறவள், முப்பது வயதைத் தொட்ட பெண், எப்போதும் நனைந்த காலணியோடு திரிவாள். சங்கத்துக்காரர்கள் வைத்த புள்ளிகளைத் திரட்டி ஒரு கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லி வோபேயின் லாரியில் ஏறி அவனோடு பண்ணை பண்ணையாக வந்தாள்.

"நான் ஒருத்தி எத்தனை வயல்தான் நடக்க முடியும் சொல்லுங்க?" என்றாள். "ஒரு வசந்தத்துக்கு நாலு வயலு. உங்க எல்லாரு காலையும் சேர்த்தா மாகாணம் பூரா நடந்த மாதிரி. வருஷக்கணக்கா நடந்த மாதிரி. நீங்க வைக்கிற ஒரு புள்ளிய நான் அப்படியே நம்பித்தான் எடுத்துக்கிறேன். திரும்பப் போய்ப் பார்க்க முடியாதில்ல, போன வருஷத்துக் கூட்டை."

வோபே தலையை ஆட்டினான். இடத்தைப் பற்றி அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவள் சங்கக் கூட்டத்தில் வாய் தவறி உளறிவிட்டால்? கெர்பன் மறுநாளே கம்போடு வந்து நிற்பானே! மென்று விழுங்கிவிட்டு, "அடுத்த பண்ணையில நல்ல காபி கிடைக்கும்" என்றான்.

கட்டுரை குளிர்காலத்தில் அச்சில் வந்தது. ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். காபி, சர்க்கரை ரொட்டி, வெண்ணெய். மாரித் திரையில் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நன்றி சொல்லியிருந்த இடத்தில் சங்கத்துக்காரர்களின் பெயர்கள் இருந்தன, அதில் வோபேயின் பெயர் முதலில். இந்தப் பகுதியில் அவன் அளவுக்கு யாரும் புள்ளி வைத்ததில்லையாம். கூடமே கைதட்டியது. ஹிஸ்கே அவன் தொடையைத் தட்டினாள். கெர்பன்கூட எழுந்து நின்று, "இவன் கண்ணு கழுகுக் கண்ணுங்க! நானே சொல்றேன்!" என்று கத்தினான். வோபேக்கு முகம் காது வரை சிவந்துபோயிற்று.

அடுத்து மாரித் வரைபடத்தைப் போட்டாள்.

"நாங்க நெனச்சது வேற," என்றாள். "தண்ணி தேங்கவிட்டு லேட்டா அறுக்கிற வயல்லதான் நிறைய குஞ்சு பொரிக்கும்னு நெனச்சோம். ஆனா இந்தப் பகுதியில அப்படி வரல. பாருங்க, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தண்ணிய வடிச்ச வயலு. சீக்கிரமே அறுத்துடுறாங்க. அங்கதான் இவ்வளவு கூடு, அதுவும் நல்லா பொரிச்சிருக்கு. எங்களுக்கே நம்ப முடியல. மறுபடி மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தோம். இதைத்தான் எழுத வேண்டியதாச்சு."

டௌவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நான் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லையே! இருந்தாலும் படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

வோபே சிரிக்கவில்லை. அவன் வாயில் சர்க்கரை ரொட்டி அப்படியே நின்றது. திரையில் கொத்தாகக் கிடந்த புள்ளிகள் அத்தனையும் அவன் வைத்தவை. ஒவ்வொன்றையும் எந்தக் கூட்டுக்காக வைத்தான் என்று அவனுக்குத் தெரியும். எந்தக் கூடும் அங்கே இல்லை.

இரண்டாம் வரிசையிலிருந்து சீட்ஸ்கே எழுந்தாள்.

"அப்போ என் வயலு இத்தனை வருஷமும் சும்மா கெடந்துச்சா?"

மாரித்துக்குக் கஷ்டமாகிவிட்டது. "சும்மான்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க வயல்ல பதிவான கூடு ரொம்பக் கம்மிங்க."

"தினமும் விடிஞ்சா மூக்கன் கத்துதேம்மா? என் படுக்கையில கேட்குது."

"மேய வந்திருக்கும். கூடு அந்தப் பக்கம், மேய்ச்சல் உங்க பக்கம். அப்படி நடக்கிறதுதான்."

"ஓ," என்றாள் சீட்ஸ்கே. கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தாள். "சரி. என் காதுதான் ஏமாந்துடுச்சு போல." உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்படிப்பட்டவள். கண்ணெதிரே காட்டினால் வீம்பு பிடிக்க மாட்டாள். அதுதான் வோபேயைக் கொன்றது. அவள் கத்தியிருந்தால், பொய் என்று மேசையைத் தட்டியிருந்தால், அவனுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அவளோ வெளியே போகும்போது அவன் கையைப் பிடித்து, "உன் பேரு அச்சில வந்திருக்கே வோபே, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் திங்கட்கிழமைக்குள் காரியம் கைமீறிவிட்டது. சீட்ஸ்கேக்கு ரின்ஸே என்று ஒரே மகன். அந்த ஈர வயலை முன்வைத்துத்தான் அம்மாவும் பிள்ளையும் முகம் பார்க்காமல் இருந்தார்கள். "குழாய் போட்டு வடிக்கலாம், நல்ல புல் வரும், நான் பண்ணைய எடுத்துக்கிறேன்" என்று அவன் சொல்ல, "பறவை எங்கே போகும்?" என்று இவள் கேட்க, "பறவைக்கே பண்ணைய எழுதி வை" என்று சொல்லிவிட்டு டிராக்டர் பட்டறை வேலைக்குப் போனவன். கிறிஸ்துமஸுக்குக்கூட வந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் சீட்ஸ்கே அவனுக்குப் போன் போட்டாள். நீ சொன்னதுதான் சரி, நான் வீம்பு பிடிச்சிட்டேன், வந்து உன் இஷ்டப்படி செய் என்று சொல்லிவிட்டாள்.

வோபே பால் எடுக்கப் போனபோது ரின்ஸே அடுப்படி மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். சீட்ஸ்கே அவன் தட்டில் இன்னொரு துண்டு சீஸ் வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வோபே பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"உக்காரு வோபே. இதுக்கெல்லாம் நீதான் காரணம். நீயும் அந்தப் பொண்ணும்," என்று அவனுக்கும் காபி ஊற்றினாள்.

அந்தக் காபியை எப்படிக் குடித்தான் என்று அவனுக்கே தெரியாது. இப்போது வாயைத் திறந்தால் பிள்ளை மறுபடி எழுந்து போவான். திறக்காவிட்டால் வயல் போகும். "குழாய் எப்போ போடுறீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"நிலம் இறுகினதும் ஆளு வர்றேன்னிருக்கான்," என்றான் ரின்ஸே. "வசந்தத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்."

இன்னும் நாள் இருக்கிறது என்று வோபே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறவன் எதற்குச் சொல்லிக்கொள்கிறான் என்று உங்களுக்குத் தெரியாததா?

வீட்டிலோ ஹிஸ்கே அந்தக் கடைசிப் பக்கத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். பால் எடுக்கக் கதவைத் திறந்தால் அவன் பெயர், மூடினால் அவன் பெயர். அவனுக்கு அது பிடித்தும் இருந்தது, அதுதான் இதில் இன்னும் கேவலம். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன், பால் தொட்டியைத் தவிர வேறெதற்கும் அவன் பெயரை யாரும் எழுதியதில்லை. திருத்தம் வந்தால் அந்தப் பெயர் போய்விடும், அல்லது வேறு விதமாக வரும். இரண்டையும் அவனால் தாங்க முடியாது. எலும்பு வரை வலிக்கிறது என்று சொல்லிச் சங்கத்துக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தான்.

அடுத்த முறை சீட்ஸ்கேயின் முற்றத்தில் லாரியைத் திருப்பியபோது குழாய் பதிக்கும் இயந்திரத்தைப் பார்த்தான். எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. வேறெங்கோ போக வேண்டிய ஆளுக்கு அங்கே வேலை தள்ளிப்போனதால் இங்கே வந்துவிட்டானாம். முற்றத்தையொட்டிய ஓரத்திலிருந்து தொடங்கி நேராகப் புல்லைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னாலேயே கறுப்புக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. ரின்ஸே பக்கத்தில் நடந்துகொண்டே கை காட்டினான்.

வோபே இறங்கினான். பால் குழாயைத் தொட்டியில் மாட்டினான். பால் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். இயந்திரம் ஒரு முறை போய்த் திரும்பி வந்தது. "நிறுத்துங்க" என்ற ஒரு வார்த்தை போதும். ரின்ஸே அவனைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். வோபேயும் கையசைத்தான். பிறகு லாரியில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பாவி, போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஹிஸ்கே டிவியை அணைத்தாள்.

"என்ன விஷயம்? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"வேற எவளாவதா?"

"அட, நீ வேற!" என்றான். பிறகு சொன்னான். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான்.

ஹிஸ்கே முதலில் சிரித்தாள், அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. "அப்போ எங்கண்ணன் டௌவே வயல்ல..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "இன்னிக்கு அங்க மெஷின் ஓடுறதைப் பார்த்துட்டு வந்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பாலை ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."

"இத்தனை வருஷம் கூட்டைக் காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே. இப்போ யாரைக் காப்பாத்துறே? உன் பேரைத்தானே?"

"அந்தப் பையன் வீட்டுக்கு வந்திருக்கான் ஹிஸ்கே. அவங்க முகத்தைப் பார்த்திருந்தா உனக்கும் வாய் வராது."

"பொய்யாலதானே வந்திருக்கான்? அது எத்தனை நாளைக்கு நிக்கும்? நாளைக்கு லீவு போடு. போய்ச் சொல்லு."

அப்போதும் அவன் மறுநாள் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். கேட்கவே இல்லை என்பது ஹிஸ்கேக்குத் தெரியும். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. அதற்கும் மறுநாள் பால் முறை வந்தபோதுதான் போனான். முற்றத்தில் வண்டியை நிறுத்தினவன் பால் குழாயை மாட்டவில்லை. நேராக வயலுக்குள் நடந்தான், இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றான். பின்னால் நல்ல அகலத்துக்குக் கோடு கோடாக நிலம் கிழிந்து கிடந்தது.

ஓட்டுகிறவன் ஹார்ன் அடித்தான். ரின்ஸே ஓடி வந்தான். "பைத்தியமா உங்களுக்கு? நகருங்க!"

"அம்மாவைக் கூப்பிடுப்பா."

சீட்ஸ்கே கையைத் துடைத்துக்கொண்டே ரப்பர் பூட்ஸில் வந்தாள். "என்ன ஆச்சு வோபே? பாலு கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க. கூடெல்லாம் இங்கதான் இருந்துச்சு சீட்ஸ்கே. டௌவே வயல்ல ஒண்ணு கூட இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன். எல்லா வருஷமும்."

"எதை மாத்தி வெச்சே?"

"புள்ளிய. கெர்பன் கண்ணுல படக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு அதை நம்பி எழுதிடுச்சு. உங்க வயலு சும்மா கெடக்கல. சுத்துவட்டாரத்துல இருக்கிற மூக்கன் எல்லாம் இங்கதான் பொரிச்சுது."

இயந்திரம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ரின்ஸே கையைக் காட்டி அதை அணைக்கச் சொன்னான். சீட்ஸ்கே அடி வாங்கினவள் மாதிரி வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட எதுக்குடா மறைச்சே?" என்றாள். வோபேயை அவள் டா போட்டது அன்றுதான். "கெர்பன்கிட்ட மறை, ஊருக்கே மறை. என் வயல்ல எத்தனை கூடு இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? லேட்டாத்தானே அறுக்கிறா, குச்சி நட வேண்டாம், இவகிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்துட்டியா? என் வீட்டுக்காரரு சாகுறப்போ கேட்டாரு, நம்ம வயல்ல உண்மையிலேயே ஏதாவது இருக்கா, இல்ல நாம முட்டாளான்னு. தெரியலைங்கன்னு சொன்னேன்டா. நீ அப்போ என் முற்றத்துல நின்னு பாலு ஏத்திக்கிட்டு இருந்தே."

வோபே அழுதான். அழுகிறானே என்று யாரும் இரக்கப்படவில்லை, அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

ரின்ஸேதான் பேசினான். "போன மாசம் இல்லைன்னீங்க. இந்த மாசம் இருக்குங்கிறீங்க. நாங்க எதை நம்புறது? நாளைக்கு வேற யாருக்காவது பயந்து மாத்திச் சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"என்கூட வா, ஒவ்வொரு இடமா காட்டுறேன்."

"பிப்ரவரியில எதைக் காட்டுவீங்க? புல்லையா?"

சீட்ஸ்கே எழுந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் இப்போதே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவானோ என்று வோபே பயந்தது போலத்தான் அவளும் பயந்திருப்பாள். அவன் கிளம்பவில்லை. கிழிந்த நிலத்தையும் கிழியாத நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்த வசந்தம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம்மா," என்றான். "வந்தா வரட்டும், எண்ணிப் பார்ப்போம். ஆனா எண்ணுறது இவரு இல்ல. வேற யாராவது."

"சரி," என்றாள் சீட்ஸ்கே. வோபேயைப் பார்க்காமலேயே, "நீ பாலை மட்டும் எடுத்துக்கிட்டுப் போ," என்றாள்.

மாரித்துக்கு அன்றே போன் செய்தான். அவள் "எல்லா வருஷமுமா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் கழித்து நேரிலேயே வந்து லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த முடிவு எனக்கே பிடிக்கல தெரியுமா?" என்றாள். "நான் ஏதோ தப்பாக் கணக்குப் போட்டேன்னு என்னையே சந்தேகப்பட்டேன். உங்களைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்ல. கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிட்டேன். அந்த அறிவிப்பு என் பேருலதான் வரும், உங்க பேரு வராது."

"நான் திருத்தித் தர்றேம்மா. ஒவ்வொரு கூடும் எனக்கு மனப்பாடம். எந்த வருஷம் எங்கேன்னு இப்போவே சொல்றேன்."

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கும். ஆனா அதை இனி எழுத முடியாதுங்க. உங்க புள்ளி எல்லாத்தையும் எடுத்தாச்சு. நல்லதும் சேர்ந்துதான் போச்சு."

அவள் அழுதாளா என்று வோபே திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

சங்கத்தில் எழுந்து நின்று சொன்னதுதான் இருந்ததிலேயே சுலபம். அங்கே அடி மட்டும்தான் விழவில்லை. கெர்பன் மேசையைக் குத்தி, "எத்தனை வசந்தம்டா! எத்தனை வசந்தம் அந்த டௌவே வயல்ல நாய் மாதிரி அலைஞ்சேன்! என் கண்ணு போச்சுன்னு கண்ணாடி வேற மாத்தினேன்!" என்று கத்தினான். எவனோ சிரிக்க, அவனையும் திட்டினான். கடைசியில் சீட்ஸ்கே வயலை யார் எண்ணுவது என்று வந்தபோது எல்லாரும் கெர்பனைத்தான் சொன்னார்கள். வோபேயும் கையைத் தூக்கினான்.

மார்ச்சில் மூக்கன்கள் வந்தன. ஏப்ரல் முழுக்க கெர்பன் கம்பை ஊன்றி வாய்க்கால் தாண்டி அந்த வயலில் நடந்தான். வோபே பால் எடுக்கும்போது முற்றத்தில் நின்று தலைக்கு மேலே சத்தத்தைக் கேட்பான். வயலுக்குள் கால் வைக்கவில்லை. சீட்ஸ்கே அவனுக்குக் காபி ஊற்றவும் இல்லை. ரின்ஸே மட்டும் அம்மாவோடு வாசலில் நின்று, "அதோ அங்க இன்னொண்ணு" என்று சத்தம் போடுவான். அவன் போகவில்லை, அதுவரைக்கும் நல்லது.

ஒருநாள் மத்தியானம் கெர்பன் வயலிலிருந்து நேராக லாரிக்கு வந்தான். முட்டி வரை சேறு. கைபேசியை ஜன்னலில் நீட்டினான். வயல் முழுக்கப் புள்ளி. வோபேக்கு எந்தப் புள்ளி எந்த மேட்டில் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"நீ சொன்னது நெசம்தான் மாப்ளே. இந்த மாதிரி வயலை நான் பார்த்ததே இல்ல," என்றான். பிறகு விரலால் முற்றத்தையொட்டிய ஓரத்தைக் காட்டினான். "ஆனா இந்தப் பக்கம் ஒண்ணையும் காணோம். இங்கேருந்து இங்க வரைக்கும், கோடு போட்ட மாதிரி. கூடு வேணாம், மேயக்கூட இறங்க மாட்டேங்குது. மண்ணும் கெட்டியா இருக்கு. முன்னாடியும் இப்படித்தானா?"

வோபே எட்டிப் பார்த்தான். புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் வந்து நின்றிருந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெறும் பச்சை. முன்பெல்லாம் அந்த ஓரத்தில்தான் முதல் மூக்கன் உட்காரும்.

"இல்ல மச்சான். அது குழாய் போட்ட இடம்," என்றான். "நான் பார்த்துட்டுப் பேசாமப் போனேனே, அந்த ரெண்டு நாள்ல போட்டது."

கெர்பன் திட்டுவான் என்று நினைத்தான். கெர்பன் திட்டவில்லை. கைபேசியைத் திருப்பி வைத்துக்கொண்டு, சேற்று விரலைச் சட்டையில் துடைத்தான்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் இல்லாத இடத்தையும் 'இல்ல'ன்னு போடச் சொல்லியிருக்கு," என்றான். "போடவா?"

"போடு," என்றான் வோபே. "சரியா அந்த இடத்துலேயே போடு."